தானாக இணை

எர்ணாவூர் தாண்டினால் ஒரு எடைமேடை.
அதன் கணினி,
கரண்ட் போய்த் திரும்பினால் எழுந்துகொள்ளும்;
விசிறி சுற்றும், பச்சை விளக்கு சிமிட்டும்,
ஆனால் யாரோடும் பேசாது.
பெயர் சொல்லி, பாஸ்வேர்டு தட்டி
மூலையில் ஒரு சின்னப் படத்தை
ஒருவர் அமுக்க வேண்டும்.
அதுவரை ஒரு டிரெய்லரின் எடையும்
துறைமுகம் போய்ச் சேராது.

அந்த ஒருவர் தேசப்பன். இரவு ஷிப்ட்.
பாஸ்வேர்டு மனப்பாடம்.
படம் எதுவென்பதுதான்
ஒவ்வொரு முறையும் மறந்துபோகும்.

"இன்னாமா, நெட்டு ஏற மாட்டேங்குது."
மணி இரண்டே முக்கால்.
தண்டையார்பேட்டையில் மூன்றாம் மாடியில்
கண் திறக்காமலே சொல்வேன்:
"கீழ, வலது பக்கம், விசிறி மாதிரி இருக்கும்."
"விசிறியா? மேல சுத்துதே, அதுவா?"
அவர் குரலுக்குப் பின்னால்
ஹாரன் மேல் ஹாரன்.
பதினேழு வண்டி நிற்கிறதாம்.
ஒரு டிரைவர் தெலுங்கில்
என் பரம்பரையை விசாரிப்பது
தெளிவாகக் கேட்கும்.

ஐப்பசி மழையில் ஓர் இரவு
ஐந்து தரம் போய் வந்தது மின்சாரம்.
நான்கு தரம் அழைத்தார்.
ஐந்தாவதுக்கு அழைப்பில்லை.
பயந்துபோய் நானே அழைத்தேன்.

"தூங்கட்டும்னு வுட்டேன்மா. நானே அமுக்கினேன்.
நெட்டு வந்துச்சி.
இன்னாத்தையோ சேத்து அமுக்கிட்டேன் போல,
இப்ப ஸ்கிரீன் தலகீழா நிக்குது.
பரவால்ல, ஏழு வண்டி அனுப்பிட்டேன்.
ஆறையும் ஒம்பதையும் மட்டும்
ரெண்டு தரம் பாத்துக்கறேன்."

காலையில் ஷேர் ஆட்டோ. டோல்கேட் நெரிசல்.
மணலிப் பக்கக் காற்றில் அழுகிய முட்டை வாசம்.
கீபோர்டு மேல் கறுப்புத் தூசு,
அதில் நான்கைந்து எழுத்துகள் மட்டும்
தேய்த்து வைத்ததுபோல் பளபளத்தன.
அவர் பாஸ்வேர்டை யாரும் படித்துவிடலாம்.

முதலில் திரையை நிமிர்த்தினேன்.
பிறகு உள்ளே போய்ப் பார்த்தால்
இணைப்பு ஒருவர் பேரில் கிடக்கிறது: எபினேசர்.
பழைய சூப்பர்வைசர். தூத்துக்குடிக்குப் போய் இரண்டு வருஷம்.
வைஃபையின் சாவியை
தன் மேசை டிராயரில் பூட்டியதுபோல்
தன் பேருக்குள் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.
இரண்டு வருஷமாய் ஒவ்வொரு ராத்திரியும்
எபினேசராகித்தான்
உள்ளே போயிருக்கிறார் தேசப்பன்.

கட்டம் இரண்டு.
'எல்லாப் பயனருக்கும்.' 'தானாக இணை.'
இரண்டிலும் டிக் அடித்தேன்.
இத்தனை நாளும் அங்கேதான் இருந்தன இரண்டும்,
காலியாக.

அதோடு முடியவில்லை.
மோடம் கொஞ்சம் சோம்பேறி.
கணினி எழுந்து கதவைத் தட்டும்போது
அது இன்னும் பல் விளக்கிக்கொண்டிருக்கும்.
ஒரு தட்டு, பதிலில்லை, அவ்வளவுதான்,
இது கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.
தொண்ணூறு விநாடி பொறு,
மறுபடி தட்டு, மறுபடியும் தட்டு என்று
நான்கு வரியில் எழுதி வைத்தேன்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
"யம்மா, என் வண்டி மேடைல நிக்குது!"
என்று வெளியே ஒருவன் அலறினான்.
திரும்பச் செருகினேன்.
ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாத தேசப்பன்
கையிரண்டையும் அக்குளில் இடுக்கி
எதையும் தொட்டுவிடாமல் நின்றார்.
விசிறி. பச்சை விளக்கு. நீண்ட ஒன்றுமில்லாமை.
அப்புறம் பிரிண்டர் இருமி
ஒரு சீட்டைத் துப்பியது.
அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து,
ஆறையும் ஒன்பதையும் சரிபார்த்து
அந்த அலறினவனிடம் நீட்டினார்.

மறுநாள் இரவு என் தலைக்கு மேல் விசிறி நின்றது.
வியர்த்து விழித்தேன். தெரு முழுக்க இருட்டு.
அங்கேயும் போயிருக்கும்.
கரண்ட் வந்ததும் எண்ணத் தொடங்கினேன்:
இப்போது எழுந்திருக்கும், இப்போது தட்டும்,
மோடம் பல் விளக்கும்...
எழுபத்தி நாலில்
ஃபோன் அடித்தது.

"ஒண்ணுமில்லமா.
நெட்டு தானா ஏறிடுச்சி.
அத்த சொல்லலாம்னுதான்."